குழாய் முறிந்தால் உளியைத் தொடாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

பங்குனி மாதம் வந்த கடிதங்கள் எல்லாம் மேப்பிள் பாகு ஏன் கறுக்கிறது, எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்றே கேட்டன. சித்திரை பிறந்து பத்து நாள் போகவில்லை, குழாய்க் கடிதங்கள் தொடங்கிவிட்டன. கழரவில்லை, முறிந்துவிட்டது, உள்ளே நிற்கிறது, அப்பா திட்டுகிறார். சரி, இந்த முறை முழுக்க இதுவே இருக்கட்டும். சாறு வடிய மேப்பிள் மரத்தைத் துளைத்து அடிக்கிற இந்தச் சாமானை இங்கே கனடாவில் ஸ்பைல், டாப், ஸ்பவுட் என்று ஆளுக்கொரு பெயரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ‘மூக்கு’ என்று பெயர், பார்க்கக் கெண்டியின் மூக்குப் போல இருப்பதால். குழப்பம் வேண்டாம், இங்கே குழாய் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் பின்வளவில் இரண்டு சுகர் மேப்பிள் நிற்கின்றன. இந்த வருடம்தான் முதல் தடவையாகச் சாறு எடுத்தோம். மூன்று குழாய் அடித்தோம், நீல பிளாஸ்டிக். போன கிழமை கழற்றும்போது இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதைச் சுத்தியலின் கவட்டில் மாட்டி இவர் ஒரு இழுவை இழுத்தார், டக்கென்று கழுத்தோடு போய்விட்டது. மீதி பட்டைக்கு உள்ளே நிற்கிறது. மரம் பட்டுப்போகுமா? இவர் உளியால் தோண்டி எடுக்கிறேன் என்று நிற்கிறார். (மார்க்கம் வாசகி)

பதில்: முதலில் உளியை வாங்கி எங்காவது ஒளித்து வையுங்கள் தங்கச்சி, மீதியை ஆறுதலாகக் கதைக்கலாம். மரம் பட்டுப்போகாது. ஒரு அங்குல பிளாஸ்டிக் துண்டு உள்ளே நின்றதால் ஒரு நல்ல மேப்பிள் சாகாது. அதைத் தோண்டி எடுக்கப் போய்த்தான் மரத்தைக் கெடுக்கிறோம். இதை நான் படித்துச் சொல்லவில்லை, செய்துவிட்டுச் சொல்கிறேன். என்னுடைய இரண்டாவது வருடத்தில் இதே மாதிரி ஒன்று முறிந்தது, எனக்கு மானப் பிரச்சினை, உளியும் சுத்தியலுமாக ஒரு பின்னேரம் முழுக்க நின்று மூன்று துண்டாக எடுத்து முடித்தேன். 8 மில்லிமீட்டர் ஓட்டை என் கைமுட்டி போகிற அளவுக்கு வந்திருந்தது. அதே மரத்தில் அதே வருடம் ஒழுங்காகக் கழற்றிய மற்ற ஓட்டை இரண்டு கோடையில் மூடி இப்போது ஒரு தொப்புள் மாதிரிக் கிடக்கிறது. உளி போட்ட இடம் இன்றைக்கும் வாய் திறந்தபடி, ஓரம் கறுத்து, விரலால் அழுத்தினால் உள்மரம் பஞ்சு போல அமுங்குகிறது.

ஏன் முறிந்தது என்றால், கவட்டுச் சுத்தியலை நேரே பட்டையில் ஊன்றிக் கைப்பிடியைக் கீழே இழுத்திருப்பார். அப்படி இழுக்கும்போது குழாய் வெளியே வராது, வளையும். பாரம் முழுக்கக் கழுத்தில் விழும். அன்றைக்குக் காலை குளிராக இருந்திருந்தால் பிளாஸ்டிக் இன்னும் நொறுங்கலாக இருந்திருக்கும். சுத்தியல் தலைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் துண்டு வைத்து, இழுப்பு நேரே வெளிப்பக்கமாக இருக்கிற மாதிரிப் பார்த்திருந்தால் வந்திருக்கும். இதற்கென்றே குழாய் பிடுங்கி ஒன்று மேப்பிள் சாமான் விற்கிற கடைகளில் இருக்கிறது, கழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து நேரே தள்ளும். மூன்று குழாய்க்கு அது தேவையில்லை, பத்து இருபது அடிக்கிறவர்கள் வாங்கலாம்.

இனி உள்ளே நிற்கிற துண்டு. வெயில் அடிக்கிற, கொஞ்சம் சூடான பின்னேரமாகப் பாருங்கள். குழாயின் நடு ஓட்டை திறந்துதானே இருக்கும், அதைவிட ஒரு மயிரளவு தடித்த மரத்திருகாணி ஒன்று எடுங்கள், நீளமானதாக. அதைக் கையால், ஸ்க்ரூ டிரைவரால், அந்த நடு ஓட்டைக்குள் முறுக்குங்கள். மெஷின் வேண்டாம், அது உங்களுக்குச் சொல்லாமலே ஆழமாகப் போய்விடும். அரை அங்குலம் பிளாஸ்டிக்கைக் கவ்வினால் போதும். அதற்கு மேலே போனால் ஆணி பிளாஸ்டிக்கை விரித்து மரத்தோடு இன்னும் இறுக்கிவிடும், அல்லது அடிமரத்தில் குத்தி நிற்கும். முறுக்கும்போது துண்டும் சேர்ந்து சுற்றினால் சந்தோஷப்படுங்கள், பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். இப்போது பலகைத் துண்டை வைத்து, ஆணித் தலையைக் கவட்டில் மாட்டி, மெல்ல மெல்ல நேரே இழுங்கள். பெரும்பாலும் ‘பொக்’ என்று ஒரு சத்தத்தோடு வரும், பின்னால் கொஞ்சம் வழுவழுத்த மஞ்சள் தண்ணீரும் வரும். அது பக்டீரியா வளர்ந்த பழைய சாறு, பயப்பட ஒன்றுமில்லை.

ஆணி பிடிக்காமல் பிளாஸ்டிக் நொறுங்கினால் கூர்மூக்குக் குறடால் வருகிற துண்டுகளை எடுங்கள். அதுவும் வரவில்லையா, விட்டுவிடுங்கள். உண்மையாகவே விட்டுவிடுங்கள். சூடாக்கி எடுக்கலாம் என்று ஒருவர் சொல்வார், பட்டைக்கு உள்ளே இருக்கிற உயிர்ப்படை வெந்துபோகும். எண்ணெய் விடச் சொல்லி இன்னொருவர் சொல்வார், அதுவும் வேண்டாம். பெரிய அலகு போட்டு டிரில் பண்ணச் சொல்பவர்தான் எல்லாரிலும் ஆபத்தானவர், ஏனென்றால் அவர் சொல்வது கேட்க நியாயமாக இருக்கும்.

உள்ளே நின்றால் என்ன நடக்கும்? மரத்துக்கு நம்மைப் போலப் புண் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் செயின்சாவை எடுத்து ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்துச் சொன்னது இதுதான்: மரம் காயத்தை ஆற்றாது, சுவர் கட்டி அடைக்கும். காயப்பட்ட இடத்துக்கு மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள குழல்களை அடைத்து, அந்தப் பகுதியைக் கைவிட்டுவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்த்து மூடிவிடும். நீங்கள் போட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலும் கீழுமாக ஒரு பழுப்புக் கீற்று உள்ளே ஓடும், குழாய் வந்தாலும் வராவிட்டாலும். ஓட்டை மூட இரண்டு மூன்று வருடம் என்று வையுங்கள், துண்டு நின்றால் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டுப் பெயின்ட் வையுங்கள், அல்லது ஒரு கொப்பியில் ‘வீட்டுப் பக்கம், இடுப்பு உயரம்’ என்று எழுதுங்கள். அடுத்த வருடம் அந்தப் பழுப்புக் கீற்றில் துளைத்தால் ஒரு சொட்டும் வராது. குறைந்தது 2 அங்குலம் பக்கமாகவும் ஓரடி மேலோ கீழோவும் தள்ளித் துளைக்க வேண்டும், நான் பக்கமாக 6 அங்குலம் தள்ளுவேன்.

கேள்வி: ஐயா, ஊரில் நான் சீவல் தொழில் பார்த்த குடும்பத்தில் வளர்ந்தவன். இப்போது மகனோடு ஸ்கார்பரோவில் இருக்கிறேன். மகன் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டையை அப்படியே விட்டிருக்கிறான். பூச்சி போகாதா? சுண்ணாம்பு தடவி ஒரு முளை அடித்து மூடினால் நல்லதுதானே? சொன்னால் சிரிக்கிறான். (ஸ்கார்பரோ வாசகர்)

பதில்: மகன் சிரித்தது பிழை. ஆனால் விட்டது சரி.

ஐயாவுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பனையில் நாம் அடிமரத்தைத் தொடுவதே இல்லை. பாளையைப் பக்குவம் பார்த்துத் தட்டி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவி, முட்டியைக் கட்டுகிறோம். அந்தப் பாளை அந்த வருடத்தோடு முடிந்து போகிற பாளை, மரத்துக்குக் காயமே இல்லை என்று சொல்லலாம். சுண்ணாம்பு முட்டிக்குள்ளே தடவுவதும் மரத்துக்காக இல்லை, சாறு புளித்துக் கள்ளாகாமல் கருப்பநீராகவே நிற்பதற்காக. மேப்பிளில் பட்டையைத் துளைத்து ஒன்றரை அங்குலம் இரண்டு அங்குலம் உள்மரத்துக்கே போய்விடுகிறோம். இங்கே சுண்ணாம்புக்கு வேலை இல்லை.

முளை அடிப்பதிலும் இதே கதைதான். ஓட்டையைத் திறந்து விட்டால் காய்ந்து, ஓரத்திலிருந்து உதடு மாதிரிப் பட்டை வளர்ந்து மூடும். முளையோ மெழுகோ தாரோ வைத்தால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணத்துக்குத்தான் வசதி. அப்போ மேலே முறிந்த குழாயை உள்ளே விடச் சொன்னாயே என்று ஐயா பிடிப்பீர்கள். நியாயம். அது நல்லது என்று சொல்லவில்லை, தோண்டுவதைவிடக் குறைந்த கேடு என்றுதான் சொன்னேன். வெறும் ஓட்டையில் வேண்டுமென்று முளையைக் கொண்டுபோய் ஏன் வைக்க வேண்டும்?

ஒன்று மட்டும் கேளுங்கள், பனையில் ஆணி அடித்தால் அந்த ஓட்டை என்றைக்கும் ஓட்டைதான், ஏனென்றால் பனைக்குப் பட்டைக்கடியில் வளர்ந்து மூடுகிற படை கிடையாது. மேப்பிளுக்கு இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மகனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள், இந்த முறை நீங்கள் சிரிக்கலாம்.

கேள்வி: பீட்டர்பரோ பக்கம் பழைய பண்ணை வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒரு பெரிய மேப்பிளில் துருப்பிடித்த இரும்புக் குழாய் இரண்டு நிற்கின்றன. ஒன்று வாளி மாட்டும் கொக்கியோடு வெளியே நிற்கிறது, மற்றதைப் பட்டை முக்கால்வாசி விழுங்கிவிட்டது. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம். எடுத்துவிடவா?

பதில்: விழுங்கியதைத் தொடாதீர்கள். மரம் ஒரு வருடத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடித்தாலே பெரிய விஷயம், ஆக ஒன்றரை அங்குலம் விழுங்கியிருந்தால் நீங்கள் கனடா வருவதற்கு முன்பே யாரோ மறந்துபோன குழாய் அது. இப்போது அதைப் பிடுங்கினால் அவ்வளவு வருடம் வளர்ந்த பட்டையும் சேர்ந்து கிழியும்.

வெளியே நிற்பதை முயற்சி செய்யலாம். அடித்து இழுக்காமல், முதலில் ஒரு பெரிய குறடால் பிடித்து இடமும் வலமுமாக ஒரு நூல் அளவு திருப்பிப் பாருங்கள், அசைந்தால் திருப்பிக்கொண்டே நேரே இழுங்கள். வார்ப்பிரும்பாக இருந்தால் சுத்தியல் அடிக்கு நொறுங்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். சின்ன அலவாங்கு போட்டு நெம்புகிற யோசனை வந்தால் அடியில் பலகை வைக்க மறக்காதீர்கள், பட்டை நசுங்கினால் அது இன்னொரு புதுக் காயம். அசையவே இல்லையென்றால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற பகுதியை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்து, முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள், பிள்ளைகளின் தலைக்கு அது போதும்.

ஆனால் அறுத்தபின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வெளியே தெரியாத இரும்பு, தெரிகிற இரும்பைவிட மோசம். இருபது வருடம் கழித்து அந்த மரத்தைச் செயின்சாவால் வெட்டுகிறவனுக்கு உள்ளே இரும்பு இருப்பது தெரியாது, சங்கிலி அதில் பட்டால் சங்கிலி போகும், சில வேளை ஆளும் போவான். மர ஆலைக்காரர்கள் சாறு எடுத்த மரத்தின் அடித்துண்டை விரும்பி வாங்காததற்கும் இந்த இரும்பும் உள்ளே ஓடுகிற பழுப்பும்தான் காரணம். ஆகவே அழியாத பெயின்டால் பெரிய வட்டம் ஒன்று போடுங்கள், வீட்டுப் பத்திரங்களோடு ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

அப்புறம், களஞ்சியத்தில் பழைய தகர வாளிகள் கிடைத்தால் பூச்சட்டியாக வையுங்கள். அந்தக் காலத்து வாளிகளில் பற்றாசில் ஈயம் இருக்கும், சாறு பிடிக்க வேண்டாம்.

கேள்வி: அடுத்த வருடம் லேசாகக் கழருகிற மாதிரி அடிப்பது எப்படி?

பதில்: இதை மாசியில் கேட்டிருக்கலாம். பரவாயில்லை.

கழற்றுகிற கஷ்டத்தில் முக்கால்வாசி அடிக்கிற அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது. குழாய் ஆப்பு மாதிரிக் கூம்பாக இருப்பது அதுவாகவே இறுகிக்கொள்வதற்காக, நாம் பலம் காட்டுவதற்காக இல்லை. சின்னச் சுத்தியல், இரண்டு மூன்று தட்டு. காதைக் கொடுங்கள்: முதல் தட்டுக்கு வெற்றுச் சத்தம், ‘டொக்’ என்று கேட்கும், பிறகு சட்டென்று சத்தம் கனக்கும், திறந்த கதவைத் தட்டுவதற்கும் பூட்டிய கதவைத் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் ஒன்று போட்டால் இறுக்கமாக நிற்கும் என்று அடிக்கிற அந்த ஒன்றில்தான் மேலும் கீழும் மரம் வெடிக்கிறது. பிறகு சாறு குழாய் வழியே வராமல் வெடிப்பு வழியே பட்டையில் ஒழுகும், சித்திரையில் குழாயும் வராது.

அலகு கூராக இருக்க வேண்டும், 5/16 அங்குலக் குழாய்க்கு 5/16 அலகு, பழைய இரும்புக் குழாய்க்கு 7/16. இரண்டையும் மாற்றிப் போட்டவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். கையை ஆட்டாமல் நேரே போய் நேரே வரவேண்டும், ஆடினால் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். தண்ணீர் வடிய ஒரு சின்னச் சரிவு போதும். மரம் உறைந்திருக்கும் காலையில் அடிக்காதீர்கள், உறைந்த மரம் லேசாக வெடிக்கும். கழற்றுவதும் அப்படித்தான். ஓட்டைக்குள் சாறு பனிக்கட்டியாகி நிற்கும்போது நீங்கள் இழுப்பது குழாயை இல்லை, ஒரு ஐஸ் ஆணியை.

கேள்வி: குழாயை வைகாசி வரை விட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் சாறு கிடைக்காதா?

பதில்: கிடைத்தாலும் குடிக்க மாட்டீர்கள். இரவு உறைந்து பகல் உருகுகிற காலம் முடிந்தால் ஓட்டமும் முடிந்தது. மொட்டு வீங்கத் தொடங்கியபின் வருகிற சாற்றைக் காய்ச்சினால் ஒரு கெட்ட வாடை வரும், நாற்பது லீட்டரைக் காய்ச்சி ஒரு லீட்டராக்கியபின் அந்த வாடையும் சேர்ந்துதானே வற்றியிருக்கும். நான் ஒரு தடவை பேராசைப்பட்டேன், எங்கள் வீட்டு நாய்கூட முகத்தைத் திருப்பியது. மொட்டுப் பருத்தவுடன் கழற்றுங்கள். வைகாசியில் மரம் தடிக்கத் தொடங்கும், பட்டை குழாயின் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கத் தொடங்கினால் மேலே மார்க்கம் தங்கச்சியின் கதைதான்.

கேள்வி: ஒரு மரத்துக்கு எத்தனை குழாய் அடிக்கலாம்? பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மரத்தில் நாலு அடித்திருக்கிறார்.

பதில்: நெஞ்சளவு உயரத்தில் குறுக்களவு 10 அங்குலம் இல்லாத மரத்தில் ஒன்றும் வேண்டாம். இருந்தால் ஒன்று. 18 அங்குலம் தாண்டினால் இரண்டு. நாலு அடித்தவர் முறியாமல் நாலையும் கழற்றுகிறாரா என்று ஜன்னலால் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் மரம் சாறு எடுக்கிற சுகர் மேப்பிள்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இலை கனடாக் கொடியில் இருக்கிற மாதிரித்தான் இருக்கிறது.

பதில்: ரொறன்ரோத் தெருக்களில் நோர்வே மேப்பிளுக்கும் இலை கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். இலைக்காம்பை முறித்துப் பாருங்கள். பால் வந்தால் நோர்வே, தெளிந்த தண்ணீர் வந்தால் அது இல்லை. நோர்வேயிலும் சாறு வரும், இனிப்புக் குறைவு, இன்னும் கூடக் காய்ச்ச வேண்டும், காஸ் பில்லை யார் கட்டுவது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு முன்னால் நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் நிற்கிற மேப்பிளில் மகன் ஆசையில் ஒன்று அடித்துவிட்டான். அது கழரவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த இடத்தில் நிற்கிற மரம் பெரும்பாலும் உங்களுடையது இல்லை, நகரசபையினுடையது, அவர்களைக் கேட்காமல் துளைத்திருக்கக் கூடாது. இனித் திருகாணி, அலவாங்கு என்று பட்டப்பகலில் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். நகரசபையின் 311 எண்ணுக்குப் போன் அடித்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள், வந்து பார்க்கட்டும். மகனையும் பக்கத்தில் நிற்க வையுங்கள், அவன்தானே அடித்தவன்.